பை தீருமுன் ஆர்டர் போடு!

'இண்டஸ்ட்ரியல் மேனேஜ்மென்ட்' பாடத்தில் 'ரீ-ஆர்டர் லெவல்' என்று ஒரு கணக்கு வரும். மார்க்குக்காகப் படித்துவிட்டு, பரீட்சை முடிந்ததும் மறந்துபோவோம். அந்தக் கணக்கை நான் எங்கள் வீட்டு பீரோவில் போட்டுப் பார்த்த கதைதான் இது.

என் அப்பா தையல்காரர். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் செய்து, பெருங்குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். இதற்குக் கொலாஸ்டமி என்று பெயர். வெளியே சிவப்பாக, ஈரமாகத் தெரியும் வாய்தான் ஸ்டோமா. அதை இறுக்கிப் பிடிக்கத் தசை கிடையாது. 'கொஞ்சம் பொறு' என்றால் பொறுக்காது! அதனால் மேலே ஒரு பை ஒட்டியிருக்க வேண்டும். சிறுகுடலில் வைத்தால் இலியாஸ்டமி, சிறுநீருக்கு வைத்தால் யூரோஸ்டமி.

இந்த ஒட்டும் பை பிறந்த இடம் டென்மார்க். ஆபரேஷனுக்குப் பிறகு வெளியே போகவே பயந்த தன் சகோதரி தோராவுக்காக, எலிசே சோரன்சன் என்ற நர்ஸ் 1954-ல் இதை யோசித்தார். அதைச் செய்துகொடுத்த ஆகே லூயிஸ்-ஹான்சன், பிளாஸ்டிக் தொழில் நடத்திவந்த ஒரு சிவில் இன்ஜினியர். நம்ம சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

இனி என் தவறுக்கு வருகிறேன். சென்ற வருடம் அத்தை மகள் கல்யாணம். கடைக்குப் போன் போட்டு, "அதே பைதாங்க, ரெண்டு பீஸ் டைப்" என்றேன். வந்த பையின் வளையம் 57 மி.மீ.; அப்பா வயிற்றில் ஒட்டியிருந்த தட்டு 45. மாட்டவே இல்லை. "பிரிச்ச பெட்டியை எடுக்க மாட்டோம்" என்றார்கள். வளையம் தளர்ந்த பழைய பையையே கழுவி, டேப் சுற்றிக்கொண்டு போனோம். அப்பா பந்திக்கு வரவில்லை. மண்டபத்தின் பின்வாசலிலேயே நின்றார். "நீ போய்ச் சாப்பிடு தம்பி, எனக்குப் பசிக்கல" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பின் நான் கற்றுக்கொண்டவை:

1. அளவு: ஆபரேஷன் முடிந்து முதல் 6 முதல் 8 வாரங்களுக்கு ஸ்டோமாவின் வீக்கம் வற்றி, அளவு குறைந்துகொண்டே வரும். அதுவரை மொத்தமாக வாங்கிக் குவிக்கக் கூடாது. அளவு அட்டையை வைத்துப் பார்த்து, 2 முதல் 3 மி.மீ. மட்டும் பெரிதாகத் தட்டில் துளை வெட்ட வேண்டும். துளை சிறிதானால் ஸ்டோமாவை அறுக்கும். பெரிதானால் மலம் பட்டுத் தோல் வெந்துபோகும். "அளவு தப்பினா சட்டையைப் பிரிச்சுத் தைக்கலாம், தோலை என்ன செய்யறது?" என்பார் அப்பா.

2. எண்: 'அதே பை' என்று சொல்லவே கூடாது. ஒரு பீஸா, இரண்டு பீஸா? அடியில் திறப்பதா, மூடியதா? வளையம் எத்தனை மி.மீ.? பெட்டியில் உள்ள கோட் நம்பர் என்ன? இத்தனையும் சொல்ல வேண்டும். பழைய பெட்டியின் மூடியை வெட்டி பீரோ கதவில் ஒட்டிவிட்டேன்.

3. கணக்கு: அப்பாவுக்கு 4 நாளைக்கு ஒரு தட்டு ஆகும். எங்கள் ஊருக்குக் கூரியர் வர 8 நாள். அதற்குள் 2 தட்டு தீரும். கசிவு, பண்டிகைத் தாமதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3 கையிருப்பு. ஆக, ரீ-ஆர்டர் லெவல் 5. பத்தில் ஐந்து காலியானதும் போன் போட்டுவிடுவேன். பைக்கும் இதே மாதிரி தனிக் கணக்கு.

4. வைக்கும் இடம்: வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் வைத்தால் பசை இளகிவிடும். நிழலான, ஈரமில்லாத இடமே சரி.

5. பயணம்: எத்தனை நாளோ, அதற்கு இரண்டு பங்கு எடுங்கள். பஸ் டிக்கியில் போடாமல் மடியிலேயே வையுங்கள். விமானத்தில் கத்தரிக்கோலுக்குக் கட்டுப்பாடு உண்டு. தட்டை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில், துடைக்கத் துணி, கழற்றியதைக் கட்டிப்போடக் கவர், ஒரு செட் உடை ஆகியவையும் வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்துவிட்டால், பாரம் இழுத்துத் தட்டு பெயராது.

இதற்கெல்லாம் அப்பாவே ஒரு ஜிப் பை தைத்துக்கொண்டார். போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, ரசத்துக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருக்கலாம். 'பை தீரப்போகுது' என்று சொல்லப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திராமல், நாமே பீரோவைத் திறந்து எண்ணிப் பார்ப்போம். படித்த கணக்கு அதற்காவது உதவட்டும்!