கணிப்பொறிக்குள் ஓர் ஏரி

திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு உண்டு. அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் ஏரிகளை நிரப்புகின்றன. ஆற்றில் வெள்ளம் சில நாட்களே ஓடும். வயலுக்கோ பல வாரங்களுக்கு நீர் வேண்டும். விரைந்து வருவதைத் தேக்கி, மெல்லக் கொடுப்பதே ஏரியின் வேலை. கணிப்பொறியில் பிழைச்செய்திகளைப் பதியும் முறை ஒன்றும் இதே தத்துவத்தில் இயங்குகிறது.

பிழைச்செய்தி என்பது யாது? பேருந்துச் சீட்டு முன்பதிவு செய்யும் நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வங்கியிலிருந்து பதில் வரவில்லை எனில், அது நேரத்தையும் காரணத்தையும் ஒரு கோப்பில் குறித்து வைக்கும். பழுது பார்ப்பவருக்கு இக்குறிப்பே துப்பு.

ஆனால் எழுதுவதற்கு நேரம் பிடிக்கும். நினைவகத்தில் ஒன்றைக் குறிக்க ஏறத்தாழ வினாடியில் கோடியில் ஒரு பங்கு போதும். சுழலும் வட்டில் அது உறுதியாகப் பதியும்வரை காத்திருந்தால் வினாடியில் நூறில் ஒரு பங்கு ஆகலாம். அதாவது ஒரு லட்சம் மடங்கு! சீட்டு ஒன்றுக்கு இருபது குறிப்புகள் என்றால், பயணி வீணே காத்திருப்பது வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தால் நிலைமை என்னவாகும்?

இதற்கு வழி, செய்தியை நினைவகத்திலுள்ள ஒரு வரிசையில் போட்டுவிட்டு, நிரல் தன் வேலையைத் தொடர்வதாகும். தனியே இயங்கும் ஓர் ‘எழுத்தர்’ வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வட்டில் எழுதுவார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: செய்தியில் இருக்க வேண்டியது பிழை நிகழ்ந்த நேரமே, எழுதப்பட்ட நேரமன்று.

ஏரி நிரம்பிவிட்டால்? கலிங்கு வழியே உபரிநீர் வெளியேறும். இல்லையேல் கரை உடையும். வரிசைக்கும் எல்லை வகுக்காவிட்டால் நினைவகம் தீர்ந்து நிரலே நின்றுபோகும். எல்லையை எட்டியதும் நிரலைக் காக்க வைக்கலாம். அல்லது முக்கியமற்ற செய்திகளைக் கைவிடலாம். ‘லாக்பேக்’ என்னும் கருவியின் வரிசையில் இயல்பாக 256 செய்திகளுக்கு இடம் உண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இடம் மிஞ்சும்போது, சாதாரணத் தகவல்களை அது தள்ளிவிடும். எச்சரிக்கைகளையும் பிழைகளையும் விடாது காக்கும்.

இம்முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. நிரல் திடீரென நின்றால், எழுதப்படாமல் வரிசையில் இருந்தவை மறைந்துவிடும். நின்றதற்கான காரணத்தைச் சொல்லக்கூடிய கடைசிச் செய்திகள் பெரும்பாலும் அவைதாம்! ஆகவே உயிர்நிலையான பிழைகளையும், பணம் கைமாறிய கணக்கையும் காத்திருந்தே எழுதுவது நல்லது. நிரலை முறைப்படி நிறுத்தும்போது வரிசையைக் காலி செய்தபின்பே நிறுத்த வேண்டும்.

செய்தியை வேறொரு நிரலிடம் ஒப்படைப்பது இன்னொரு வழி. 1980-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் உருவாக்கிய ‘சிஸ்லாக்’ அத்தகையது. அனுப்பிய நிரல் வீழ்ந்தாலும், பெற்றுக்கொண்ட நிரல் பிழைத்திருந்து எழுதி முடிக்கும்.

ஆகவே, எதைக் காத்திருந்து எழுதுவது, எதை வரிசையில் விடுவது, நெருக்கடியில் எதைக் கைவிடுவது என்பவற்றை நிரல் எழுதுபவர் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். வெள்ளம் வந்தபின் கலிங்கு கட்ட இயலாதல்லவா?