கல்லீரலை மாற்றிய பிறகும் ஹெபடைட்டிஸ் பி திரும்புமா?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கம் ஷிப்ட் மாறினால் சாப்பாடு, தூக்கம் எல்லாமே மாறும். ஹெபடைட்டிஸ் பி-யால் கல்லீரல் கெட்டு, மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பும் தொழிலாளிக்கு இது சின்ன விஷயமில்லை. அவர் வாழ்நாள் முழுக்க தினமும் வைரஸ் மாத்திரை சாப்பிட வேண்டும்.

“அதான் புதுக் கல்லீரல் வெச்சாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?” என்று வீட்டிலேயே கேட்பார்கள். பழைய கல்லீரலை எடுத்தாலும் ரத்தத்திலும் வேறு செல்களிலும் வைரஸ் மிச்சமிருக்கும். புதுக் கல்லீரலுக்குள் புகுந்தால், செல்லின் உட்கருவில் தன் மரபணுவை வளையமாகப் பதுக்கிவைக்கும். மருந்து வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும், வளையத்தை அழிக்காது. உடல் புது உறுப்பை நிராகரிக்காமலிருக்கத் தரும் மருந்துகளோ எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும்.

தடுப்பு இல்லாத காலத்தில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு நோய் திரும்பியது. இம்யூனோகுளோபுலின் ஊசியைத் தொடர்ந்து போட்டால் இது பாதியாகக் குறைவதை 1993-ல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. இன்று என்டெகாவிர் அல்லது டெனோபோவிர் மாத்திரையோடு இந்த ஊசியும் சேரும்போது பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஊசி விலை அதிகம் என்பதால், வைரஸ் அளவு குறைவாக உள்ளவர்களுக்குச் சில மாதங்களோடு நிறுத்திவிடும் வழக்கமும் உண்டு. மாத்திரைக்கு அந்தச் சலுகை இல்லை.

சிக்கல் இங்கேதான். என்டெகாவிரை வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட வேண்டும். அதன்பிறகும் இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. நைட் ஷிப்ட் கேண்டீன் நேரத்தோடு இது மோதும். எனவே எல்லா ஷிப்டுக்கும் ஒத்துவரும் ஒரு நேரத்தை டாக்டரிடம் பேசி முடிவுசெய்வது நல்லது. டெனோபோவிருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அதன் பழைய வகை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸும் அப்படித்தான்.

நோய் திரும்பினால் முதலில் எந்த அறிகுறியும் தெரியாது. கண் மஞ்சளாகும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். அதனால்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்கிறார்கள். திரும்பிவிட்டது என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. மாத்திரை விட்டுப்போனதா, அல்லது லாமிவுடின் போன்ற பழைய மருந்துக்கு வைரஸ் பழகிவிட்டதா என்று பார்த்து, மருந்தை மாற்றினால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும்.

கீழாநெல்லி? சென்னை ஆய்வாளர்கள் 1988-ல் ‘லான்செட்’ இதழில் நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டது உண்மை. பின்னால் நடந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

செலவுக்குப் பயந்து நிறுத்தவும் வேண்டாம். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி மாத்திரைகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.