பாதி விலைக்குப் பழைய கார்: வாங்குமுன் விசாரியுங்கள்



சந்தை விலையைவிட மூட்டைக்கு முந்நூறு ரூபாய் குறைவாக உளுந்து வருகிறது என்று யாராவது சொன்னால், நாம் உடனே லாரியை இறக்கச் சொல்வதில்லை. மூட்டையில் குத்தூசி போட்டு, சரக்கை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறோம். ஈரமா, வண்டு விழுந்ததா, பழைய சரக்கைக் கலந்திருக்கிறார்களா என்று சோதித்த பிறகுதான் பேச்சே தொடங்குகிறது. "இவ்வளவு குறைவாக ஏன் கொடுக்கிறார்?" என்ற கேள்விதான் நம் தொழிலின் முதல் பாடம்.

இந்தப் பாடத்தை நாற்பது ஆண்டுகள் கடைப்பிடித்த நான், ஒரு பழைய கார் வாங்கும்போது மறந்துவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் இப்போது செல்போனில் கார் விளம்பரம் பார்த்து முன்பணம் அனுப்பத் தயாராக இருப்பதைக் கேள்விப்பட்டதால் எழுதுகிறேன்.

2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் மாவட்டத்திலும் சென்னையிலும் பெருவெள்ளம் வந்தது அனைவருக்கும் நினைவிருக்கும். மூன்று மாதம் கழித்து, தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு புரோக்கர் என்னிடம் வந்தார். சென்னைக் கார், நான்கு வருடம்தான் ஓடியது, அன்றைய நிலவரப்படி நான்கு லட்சம் போகும். அவர் கேட்டதோ இரண்டு லட்சத்து அறுபதாயிரம். "உரிமையாளர் வெளிநாடு போகிறார், அவசரம்" என்றார். காரும் பளபளவென்று இருந்தது. சிதம்பரம், புவனகிரி, பரங்கிப்பேட்டை என்று வசூலுக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்று எண்ணி, ஒரே நாளில் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரு மழை இரவு, சிதம்பரத்தில் வசூல் முடித்துத் திரும்பும்போது, ஆலப்பாக்கத்துக்கு முன்பாகக் காரின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. என்ஜினும் நின்றது. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருந்தன. என் மனைவியும் காரில் இருந்தார். வண்டியைக் கையால் தள்ளி ஓரம் கட்டினோம். ஒரு லாரி ஓட்டுநர் தன் வண்டியை எங்களுக்குப் பின்னால் நிறுத்தி விளக்குப் போட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது.

மறுநாள் மெக்கானிக் தரைவிரிப்பைக் கிழித்துக் காட்டினார். அடியில் காய்ந்த வண்டல் மண். ஒயர்களின் இணைப்புகள் எல்லாம் பச்சை பூத்திருந்தன. வெள்ளத்தில் மூழ்கிய கார் அது. பழுது பார்க்க ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆயிற்று. அதன் பிறகும் நம்பி ஓட்ட முடியாமல், உண்மையைச் சொல்லித் தொண்ணூறாயிரத்துக்குக் கொடுத்தேன். கணக்குப் போட்டால் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் நஷ்டம். லாபம் என்று நான் எண்ணியது ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.

இதிலிருந்து நான் கண்டது ஒன்றுதான். காரணம் இல்லாமல் விலை குறைவதில்லை. விற்பவர் தன் தலையில் இருக்கும் ஒரு சுமையை நம் தலைக்கு மாற்றுகிறார். அந்தச் சுமைக்கான தொகையைத்தான் விலையில் கழிக்கிறார். அந்தச் சுமை என்ன என்று கண்டுபிடிப்பதே வாங்குபவர் வேலை. பெரும்பாலும் அது கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, தண்ணீர். பழுது பார்க்கும் செலவு, இன்சூரன்ஸில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், கம்பெனி அதை முழு நஷ்டமாகக் கணக்கிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். அதை எடுப்பவர்கள் கழுவி, மெருகேற்றி மீண்டும் சந்தைக்குக் கொண்டு வருவதுண்டு. இது சென்னையோடு முடிந்த கதை அல்ல. 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை பெருக்கெடுத்ததையும் கண்ட ஊர் நம் ஊர். வெள்ளம் வடிந்த சில மாதங்களில் வரும் மலிவுக் காரை இருமடங்கு சந்தேகத்தோடு பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளம், ஸ்டெப்னி வைக்கும் குழி ஆகியவற்றில் துருவும் மண்ணும் இருக்கும். வண்டிக்குள் வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி அடித்திருந்தால், எந்த நாற்றத்தை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள். கெட்டுப்போன ஒயரிங் அன்றே காட்டிக் கொடுக்காது. மாதங்கள் கழித்துத்தான் கழுத்தறுக்கும்.

இரண்டாவது, கடன். பைனான்ஸில் வாங்கிய வண்டியின் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் பதிவாகியிருக்கும். கடன் தீர்ந்ததும் படிவம் 35 கொடுத்து அதை நீக்க வேண்டும். "கடன் எல்லாம் முடிந்துவிட்டது, கடிதம் பிறகு தருகிறேன்" என்பவரிடம் பணத்தையும் பிறகே தாருங்கள். தவணை பாக்கி இருந்தால், நீங்கள் முழுப்பணம் கொடுத்த வண்டிக்காக பைனான்ஸ்காரர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

மூன்றாவது, திருட்டு. இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. விபத்தில் நொறுங்கிய வண்டியின் ஆர்.சி.யை வாங்கி, அதே மாடல் திருட்டு வண்டியில் அந்தச் சேஸிஸ் எண்ணைப் பொறித்து விற்கும் கும்பல்கள் நாட்டில் பல இடங்களில் பிடிபட்டிருக்கின்றன. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை விதி நமக்கெல்லாம் தெரிந்ததே: தனக்கு இல்லாத உரிமையை ஒருவன் பிறருக்கு விற்க முடியாது. நீங்கள் நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்திருந்தாலும் திருட்டு வண்டி உங்களுடையது ஆகாது. போலீஸ் எடுத்துச் சென்றுவிடும். அதோடு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் குற்றம். "பாதி விலைக்குக் கொடுத்தபோதே சந்தேகம் வரவில்லையா?" என்று கேட்டால் வணிகனான நாம் என்ன பதில் சொல்வோம்?

நான்காவது, பேப்பர். பக்கத்தில் புதுச்சேரி இருப்பதால் அந்தப் பதிவெண் வண்டிகள் நம்மிடம் நிறைய வருகின்றன. டில்லி வண்டிகளும் வருகின்றன. பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்சநீதிமன்றமும் தடை விதித்ததிலிருந்து இது அதிகமாயிற்று. இப்படி வரும் வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். விலை குறைந்த காரணமும் நேர்மையானதாக இருக்கலாம். ஆனால் அந்த ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று (படிவம் 28) பெற்று, தமிழ்நாட்டு வரி கட்டி, நம் ஊர்ப் பதிவெண்ணுக்கு மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் கூட்டினால்தான் உண்மையான விலை தெரியும். பதினைந்து வருடம் கடந்த காரானால் மறுபதிவுக் கட்டணமும் பசுமை வரியும் சேரும்.

இனி, பெயர் மாற்றம். பலர் கையெழுத்திட்ட படிவம் 29, 30 இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் வண்டியை ஓட்டுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் விற்றவருக்கும் ஆபத்து. 2007இல் விற்ற ஒரு கார் பல கைகள் மாறி 2009இல் விபத்துக்குள்ளானது. ஆர்.சி.யில் முதலில் விற்றவர் பெயரே இருந்ததால் அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரி 6 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிதம்பரத்தில் எனக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவருக்கும், எப்போதோ விற்ற வேனுக்காக விபத்து வழக்கு நோட்டீஸ் வந்தது. வாங்கியவரைத் தேடி அவர் ஒரு வருடம் அலைந்தார்.

இன்சூரன்ஸும் அப்படியே. பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான பாலிசி வண்டியோடு மாறும். நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு தானாக மாறாது. 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதி நம் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே உரியது, நமக்கு வராது.

ஆகவே வாங்குமுன் செய்ய வேண்டியவை:

1. பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ பதிவெண்ணைப் போட்டுப் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ், கடன் விவரம் பாருங்கள். அபராதச் சலான் பாக்கியையும் பாருங்கள்.

2. வண்டியில் உள்ள சேஸிஸ் எண், என்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி ராவிய தடமோ புதுப் பெயிண்ட்டோ இருந்தால் விலகிவிடுங்கள்.

3. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரை அவர் வீட்டில் நேரில் பாருங்கள். பஸ் நிலையத்திலும் டீக்கடையிலும் வியாபாரம் முடிக்க வேண்டாம்.

4. உங்களுக்கு வேண்டிய மெக்கானிக்கைப் பகல் வெளிச்சத்தில் அழைத்துச் சென்று காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலிதான் இதில் மிக மலிவான இன்சூரன்ஸ்.

5. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேட்டால், மீட்டர் திருத்தப்பட்டதா என்பதும் தெரிந்துவிடும்.

6. பணத்தை வங்கி மூலம் கொடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது 2017 ஏப்ரல் முதல் சட்டப்படி கூடாது. ரொக்கம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் ஜாக்கிரதை.

7. வண்டியைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன்" என்று படம் அனுப்பிப் பணம் பறிப்பது பழகிப்போன மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

தனி ஆளிடம் வாங்கும் எல்லா வண்டியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. நம் சங்கத்திலேயே உண்மையைச் சொல்லி விற்றவர்களும், நல்ல வண்டி வாங்கிப் பத்து வருடம் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். விற்பவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை நாம் சரிபார்க்க முடிய வேண்டும். "இன்றே முடிக்காவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வார்" என்று அவசரப்படுத்தினால், அந்த வேறு ஆளே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பார்க்காமல் வாங்கினால் குற்றம் நம்முடையதே. மூட்டைக்குப் போடும் குத்தூசியை வண்டிக்கும் போடுவோம்.