தயிர் எடையைக் குறைக்குமா? நீலகிரி நுகர்வோர் அறிய வேண்டியவை

எந்த உணவு உடலை வளர்க்கிறது, எது வளர்க்கவில்லை என்பதைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் ஆய்வு இந்தியாவில் வேரூன்றிய ஊர் நீலகிரியின் குன்னூர். அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவே, 1928-இல் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாகி, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று வழங்கிவருகிறது. நாட்டின் பல பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து மெக்காரிசன் அங்கே ஒப்பிட்டபோது, கோதுமையும் பருப்பும் காய்கறியும் பாலும் வெண்ணெயும் சேர்ந்த சீக்கியர் உணவை உண்டவை கொழுகொழுவென வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை மெலிந்து நின்றன. அவருக்குப் பின் இயக்குநராக வந்த அய்க்ராய்டு, ஆய்வாளர் கிருஷ்ணனுடன் சேர்ந்து 1937-இல் வெளியிட்ட ஆய்வு, கொழுப்பு நீக்கிய பால்தூளை அன்றாடம் பெற்ற சிறுவர்கள் உயரத்திலும் எடையிலும் முன்னேறியதைக் காட்டியது.

எடை கூடுவதற்காகப் பால்பொருள் ஆராயப்பட்ட அதே மலையில், இன்று எடை குறைவதற்காகத் தயிர் வாங்கப்படுகிறது. இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. வயிறு நிறையாத குழந்தையின் தட்டில் தயிர் கூடுதலாக வந்து சேர்கிறது. தேவைக்கு மேல் உண்பவரின் தட்டில் அது வேறொன்றின் இடத்தைப் பிடித்தால் மட்டுமே எடை இறங்க வழி உண்டு. எனவே, தயிர் நல்லதா என்று கேட்பதைவிட, எதற்குப் பதிலாகத் தயிர், அந்தத் தயிரில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று கேட்பதே பொருத்தமானது.

பசும்பாலில் வீட்டில் உறையூற்றிய 100 கிராம் தயிரில் ஏறத்தாழ 60 கலோரியும் (உணவு தரும் ஆற்றலை அளக்கும் அலகு), 3 கிராமுக்குச் சற்று மேல் புரதமும், 4 கிராம் கொழுப்பும், 150 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. புரதம் பசியைச் சற்று நேரம் தள்ளிப்போடும் சத்து என்பதால், மாலை நான்கு மணிக்குத் தேநீரோடு உள்ளே போகும் இரண்டு மூன்று ஊட்டி வர்க்கியின் இடத்தில் ஒரு கிண்ணம் தயிர் வந்தால் கணக்கு இறங்கும்; வர்க்கியும் அப்படியே இருந்து, இரவில் தயிரும் சேர்ந்தால் கணக்கு ஏறவே செய்யும். தயிர்ச்சோற்றிலும் பழி தயிர்மீது விழுவது நியாயமன்று: 300 கிராம் சோறு ஏறத்தாழ 390 கலோரி தர, அதில் பிசைந்த 150 கிராம் தயிர் தருவது 90 மட்டுமே.

தயிரின் கொழுப்பு அது பிறந்த பாலைப் பொறுத்தது. சமன்படுத்தப்பட்ட பாலில் 3 விழுக்காடும், நிலைப்படுத்தப்பட்ட பாலில் 4.5 விழுக்காடும், நிறைகொழுப்புப் பாலில் 6 விழுக்காடும் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது அரசு விதித்த தரம். நீலகிரிக்கே உரிய தொதவர் எருமையின் பாலிலோ அது 8 விழுக்காட்டை எட்டும். கடைந்து வெண்ணெயை எடுத்த மோர் இவை எல்லாவற்றிலும் இலகுவானது. ஆனால் கடையாமல் தண்ணீர் விட்டுக் கலக்கிய தயிரையும் பேச்சுவழக்கில் மோர் என்றே சொல்வதால், வெண்ணெய் அதிலேயே இருக்கிறது என்பது பலருக்கு மறந்துபோகிறது.

ஆய்வுகள் சொல்வது விளம்பரங்கள் சொல்வதைவிட மிகச் சிறியது. அமெரிக்காவில் 1,20,877 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் ஒரு வேளை யோகர்ட்டைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டவர்களின் எடை, நான்கு ஆண்டு இடைவெளியில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 370 கிராம் குறைவாகவே கூடியிருந்தது. யோகர்ட் என்பது குறிப்பிட்ட இருவகை நுண்ணுயிரிகளால் புளிக்கவைக்கப்படும் பால்பொருள். தயிரின் நெருங்கிய உறவு. நான்கு ஆண்டுகளில் அரைக் கிலோவும் இல்லை என்பதோடு, யோகர்ட் உண்பவர்கள் பொதுவாகவே உணவில் அக்கறை உள்ளவர்களாக இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். பால்பொருளால் எடை குறையும் என்ற பெரும் பரப்புரையை, அந்நாட்டு வணிக ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்ட பின் 2007-இல் பால் தொழில் அமைப்புகள் கைவிட்டன. அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2024-இல் யோகர்ட்டுக்கு அனுமதித்த வாசகமும், சான்று குறைவு என்ற குறிப்போடு, இரண்டாம் வகை நீரிழிவைப் பற்றியதே தவிர எடையைப் பற்றியதன்று.

மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் தயிர் உறைவது எளிதன்று. உறையூற்றிய பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி அடுப்போரம் வைத்தாலும் காலையில் பாலாகவே ஆடும். நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய வெதுவெதுப்பு அங்கே கிடைப்பதில்லை. அதனால் கடைக் கோப்பையை நாடும் வீடுகளில்தான் மேலுறையைப் படிக்கும் பழக்கம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வாங்குபவருக்குச் சட்டம் தரும் முதல் உரிமை, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் உரிமை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு மேலுறை விதிகளின்படி, மொத்தச் சர்க்கரையும் கூட்டிய சர்க்கரையும் தனித்தனியாக அச்சிடப்பட வேண்டும். பாலில் இயல்பாகவே உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை மொத்தக் கணக்கில் வரும், அதில் குற்றமில்லை. கவனிக்க வேண்டியது கூட்டிய சர்க்கரை. பழச்சுவை யோகர்ட் ஒன்றில் அது 100 கிராமுக்கு 10 கிராம் என்று இருந்தால், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, அதாவது 40 கலோரி, தயிரின் 60-உடன் சேர்ந்துவிட்டது என்று பொருள்.

முன்பக்கத்தில் பெரிதாக அச்சிடப்படும் சொற்களுக்கும் 2018-ஆம் ஆண்டு விதிகள் அளவு வகுத்திருக்கின்றன. 'கொழுப்பு குறைவு' என்று சொல்ல 100 கிராமில் கொழுப்பு 3 கிராமைத் தாண்டக் கூடாது. 'குறைந்த கலோரி' என்று சொல்ல 40 கலோரியைத் தாண்டக் கூடாது என்பதால் சாதாரணத் தயிருக்கு அந்தப் பெயர் பொருந்தாது. 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்றால் தேனும் சேர்த்திருக்கக் கூடாது. கொழுப்பு குறைவு என்னும் சொல் சர்க்கரையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஏமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கிறது. தயிர் உறையில் 'தஹி' என்று அச்சிட வேண்டும் என்ற உத்தரவு 2023 மார்ச்சில் தமிழ்நாட்டின் எதிர்ப்புக்குப் பின் சில நாள்களிலேயே திருத்தப்பட்டது. பெயருக்குக் காட்டிய அந்த விழிப்பில் பாதியைச் சர்க்கரை வரிக்குக் காட்டினாலும் போதும்.

தயிரை மட்டுமே உண்டு இளைக்க முயல்வது தீங்கானது. நாளொன்றுக்கு மூன்று கிண்ணம், அதாவது 600 கிராம் தயிரில் 360 கலோரியும் 19 கிராம் அளவுக்குப் புரதமும்தான் கிடைக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாள்தோறும் தேவைப்படும் புரதமோ 50 கிராம். எடை இறங்கினாலும் தசையும் சேர்ந்தே கரையும். மிக விரைவாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கற்கள் உருவாகும் வாய்ப்பு கூடும். இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் வேளை உணவைத் தயிராகச் சுருக்கினால் மயங்கி விழ நேரலாம். சிறுநீரக நோயாளிகள் தயிரின் அளவையும் கேட்டறிய வேண்டும். தயிரில் இரும்புச் சத்து இல்லையென்றே சொல்லலாம். உணவோடு குடிக்கும் தேநீரோ இருக்கும் இரும்பையும் உடலில் முழுமையாகச் சேரவிடாது. ஆகவே, நாள் முழுதும் கொழுந்து பறித்து இரத்தசோகையோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு நகரத்து எடைக்குறைப்பு உணவுப் பட்டியல் பொருந்தாது.

மேலுறையோ விளம்பரமோ பொய் சொன்னால் கேட்க வழிகள் உள்ளன. தவறான உணவு விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரையும், பிழையான மேலுறைக்கு 3 லட்சம் வரையும் அபராதம் விதிக்கிறது. புகாரை உணவு பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலரிடம் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசலாம். இழப்பீடு வேண்டுமானால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக்கட்டணம் இல்லை. கோப்பையின் மூடியைக் கிழித்து எறிவதற்கு முன், அதிலும் பக்கத்திலும் அச்சிட்டுள்ள 14 இலக்க உரிம எண், தொகுதி எண், தேதி ஆகியவற்றைப் படமெடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் புகாரின் பலம் பெரும்பாலும் அந்தக் கிழிந்த மூடியில்தான் இருக்கிறது. இவற்றைவிடக் குறைவாக அறியப்பட்ட உரிமை ஒன்றும் உண்டு: அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதிக்கச் செய்யலாம்; குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் சோதனைக்குத்தான் வாங்குவதாக, வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும்; வீட்டுக்கு வந்து சுவைத்த பின் எழும் சந்தேகத்துக்கு இந்தப் பிரிவு உதவாது.