கூடவே வந்தவன் கொலையாளி!

ஜப்பானில் கோபே நகரம். கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் முதலாளி தன் பங்களாவில் பிணமாகக் கிடக்கிறார். கழுத்தில் கத்திக்குத்து. அறைக் கதவோ உள்ளே பூட்டியிருக்கிறது. தற்கொலையா? கொலையா?

துப்பு துலக்க வருகிறார் ஒரு போலீஸ் அதிகாரி. அவர் வேறு யாருமல்ல, விளையாடுபவரேதான்!

இது நிஜ வழக்கு அல்ல. "போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. யூஜி ஹோரி என்பவர் உருவாக்கினார். எனிக்ஸ் கம்பெனி 1983-ம் ஆண்டு வெளியிட்டது.

உதவியாளன் யாசு

அதிகாரி திரையில் தலைகாட்டுவதே இல்லை. ஓடியாடி வேலை பார்ப்பவன் உதவியாளன் யாசு. "அந்த ஆளைக் கூப்பிடு", "இந்த வீட்டைச் சோதனை போடு" என்று உத்தரவு போட வேண்டியதுதான் பாக்கி. "பாஸ், பாஸ்" என்று பவ்யமாகச் செய்து முடிப்பான்.

முதலில் உத்தரவை டைப் அடிக்க வேண்டியிருந்தது. சரியான வார்த்தை அகப்படாவிட்டால் கதை ஓர் அடி நகராது. கொலைகாரனைப் பிடிப்பதைவிட வார்த்தையைப் பிடிப்பது பெரும்பாடு!

1985-ல் இது நிண்டெண்டோவின் பேமிகாம் கருவிக்கு வந்தது. டி.வி.யில் மாட்டி விளையாடும் கருவி அது. உத்தரவுகளைத் திரையிலேயே பட்டியல் போட்டுவிட்டார்கள். பார், கேள், கைது செய்... வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பூதக்கண்ணாடியும் உண்டு. சந்தேகப்பட்ட இடத்தில் அதை நகர்த்தி வைத்து பொத்தானை அமுக்கினால் துப்பு கிடைக்கும். டைப் தெரியாத பொடியன்கள்கூட துப்பறியும் சிங்கங்கள் ஆனார்கள்!

தோளில் பட்டாம்பூச்சி

கடன் வாங்கியவன், உறவுக்காரப் பையன் என்று பலர் மேல் சந்தேகம் விழும். விசாரணை நடக்கும்போதே வேறு பிணங்களும் விழும். முதலாளியின் காரியதரிசிப் பெண்ணுக்கு சிறுவயதில் பிரிந்துபோன சகோதரன் ஒருவன் உண்டு என்று தெரியவரும். அவன் தோளில் பட்டாம்பூச்சி போல ஓர் அடையாளம்.

முடிவைச் சொல்லலாமா? ஜப்பானில் ஊரறிந்த ரகசியம்தானே!

யாசுவைச் சட்டையைக் கழற்றச் சொன்னால், பட்டாம்பூச்சி அவன் தோளில்! அட, இவனா?

செத்த முதலாளி மோசடி செய்து யாசுவின் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தியவர். பெற்றோர் தற்கொலை செய்துகொண்டார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகச் சிதறினார்கள். அந்தப் பழிதான் தீர்ந்தது. கொலையாளி அகப்பட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. தடயத்தைத் தேடச் சொல்லி இத்தனை நேரம் அனுப்பியது யாரை? கொலைகாரனையே அல்லவா! புத்தகத்தில் படித்தால் "அடடா" என்று மூடிவிடலாம். இங்கே உத்தரவு போட்டது விளையாடியவரின் சொந்தக் கை. முதுகு சில்லிடாமல் என்ன செய்யும்?

"கொலையாளி யாசு" என்பது அங்கே சொலவடை போலவே ஆகிவிட்டது. கதை முடிவைப் போட்டு உடைக்கும் ஆசாமிகளைக் கிண்டல் செய்ய அதுவே போதும். பிற்காலத்தில் "மெட்டல் கியர்" விளையாட்டைப் படைத்துப் புகழ்பெற்ற ஹிடியோ கோஜிமாவும் தன்னைக் கவர்ந்தவற்றில் ஒன்றாக இதைச் சொல்லியிருக்கிறார். யூஜி ஹோரி 1986-ல் "டிராகன் குவெஸ்ட்" மூலம் இன்னும் பெரிய ஆள் ஆனார்.

மறுபடியும் டைப்

2023 ஏப்ரலில் ஸ்கொயர் எனிக்ஸ் கம்பெனி, செயற்கை நுண்ணறிவைச் சேர்த்து இதே வழக்கை இலவசமாக வெளியிட்டது. பட்டியல் போயிற்று. மனதில் தோன்றியதை டைப் அடித்தால் யாசுவுக்குப் புரியும் என்றார்கள். புரியவில்லை! கேட்டதற்கெல்லாம் திருதிருவென்று விழித்தான். ஓசியில் கிடைத்தும் விளையாடியவர்கள் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.