இணையம் இல்லாத கணினியில் பி.டி.எப். வாசிப்பான்

காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி, விண்ணப்பப் படிவம், பயிர்ச்செய்கை ஆலோசனைப் பிரசுரம் முதலியவை இன்று பெரும்பாலும் கணினிக் கோப்பாகவே எமது கைக்கு வருகின்றன. சனசமூக நிலையத்துக் கணினியில் அக்கோப்புத் திறக்காவிட்டால் பட்டணத்துக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் கூலியும் போய்விடும். இதைத் தவிர்க்கும் வழியைப் பார்ப்போம்.

ஏன் இந்த வடிவம்?

பி.டி.எப். வடிவத்தை அடோபி நிறுவனம் 1993 இல் வெளியிட்டது. 2008 இல் அது சர்வதேச நியமமாயிற்று. இதன் சிறப்பு, எழுத்துருவையும் தன்னுள்ளே கொண்டுசெல்லக் கூடியதாக இருப்பதாகும். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிவதை நாம் கண்டிருக்கிறோம். அதையே பி.டி.எப். ஆக்கினால் பொதுவாக அத்தொல்லை இல்லை.

கூப்பனும் மூட்டையும்

மென்பொருளை நிறுவும் கோப்பு இரு வகைப்படும். ஒன்று மிகச் சிறியது. நிறுவும்போது மீதியை இணையத்திலிருந்து எடுக்கும். இது கூப்பன் போன்றது. சங்கக்கடை திறந்திருந்தால்தான் அரிசி கிடைக்கும். மற்றையது முழுமையானது. கட்டிய மூட்டைபோல வீட்டுக்குக் கொண்டுவந்து அவிழ்க்கலாம். இணையம் இல்லாத இடத்தில் நமக்கு வேண்டியது இந்த மூட்டையே.

செய்ய வேண்டியவை

1. கணினியில் எட்ஜ், குரோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகளில் ஒன்று இருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால் இணையம் இல்லாமலே அதில் கோப்பை வாசிக்கலாம்.

2. இல்லையெனில், விண்டோஸ் எத்தனையாவது பதிப்பு, 32 பிற்றா 64 பிற்றா என்று குறித்துக்கொள்ளுங்கள். 64 பிற் மென்பொருள் 32 பிற் விண்டோஸில் இயங்காது.

3. வாசிக்க மட்டுமெனில் சுமத்ரா பி.டி.எப். போதும். அது இலவசமானது, சில மெகாபைற் அளவே, பழைய கணினிக்கும் ஏற்றது. படிவத்தைக் கணினியிலேயே நிரப்புவதாயின் அடோபி றீடர் நல்லது. அதன் முழுப் பொதி சில நூறு மெகாபைற் வரும். புதிய பதிப்புகளுக்கு விண்டோஸ் 10 ஆவது வேண்டும்.

4. இணையம் உள்ள இடத்தில், தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே பொதியை இறக்குங்கள். அடோபி பொதி ஓரிரு மெகாபைற்றாக இருந்தால் நீங்கள் இறக்கியது கூப்பன்தான்!

5. பென் டிரைவில் கொண்டுவந்து, வைரஸ் சோதனை செய்து, கணினியில் பிரதியெடுத்து, இருமுறை சொடுக்குங்கள். அனுமதி கேட்கும் பெட்டியில் தயாரிப்பாளரின் பெயரைப் பார்த்த பின்னரே சம்மதியுங்கள். முடியும்வரை கணினியை நிறுத்த வேண்டாம்.

கவனிக்க

இவ்விரண்டையும் வாசிப்பதற்குப் பயன்படுத்தக் கட்டணமில்லை. எவராவது மென்பொருளுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இணையம் இல்லாத கணினி தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஆகவே இடையிடையே புதிய பொதியைக் கொண்டுவந்து நிறுவுங்கள்.

ஓடும்போது பெட்டியோடு பத்திரங்களையும் விட்டுவந்தவர்கள் நம்மிடையே பலர். மீதமிருக்கும் பத்திரங்களை ஸ்கான் செய்து பி.டி.எப். ஆக்கி, ஒரு பிரதியை உங்களிடமும் மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் வையுங்கள். அது மூலப் பத்திரத்துக்கு ஈடாகாது. ஆயினும் அதிலுள்ள இலக்கமும் திகதியும் இருந்தால், அலுவலகத்தில் பழைய பதிவைத் தேடுவது எளிதாகும்.