காலையில் எழ மறுக்கும் பிள்ளை... சோம்பலா, மனச்சோர்வா?

ராஜபாளையத்தில் பஞ்சாலை நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பும் அப்பா, போர்வைக்குள் கிடக்கும் மகனைப் பார்த்தால் என்ன சொல்வார்? "ராத்திரி பூரா முழிச்சு வேலை பார்த்துட்டு வர்றேன்... உனக்கு இன்னும் தூக்கமாடா?"

தோழிகளைத் துயிலெழுப்பிய ஆண்டாள் பிறந்த பக்கத்து ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே கதைதான். "கோயில்ல பாட்டுப் போட்டு எவ்வளவு நேரமாச்சு, எந்திரிடி!"

அந்தப் பிள்ளை இரவு இரண்டு மணி வரை தூங்காமல் புரண்டுகொண்டிருந்தது மட்டும் பல வீடுகளில் தெரிவதே இல்லை.

உடல் கடிகாரம்

13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ஆனால், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இந்த வயதில் தாமதமாகத்தான் சுரக்கும். இதோடு மனச்சோர்வும் சேர்ந்தால் தூக்கம் இன்னும் கெடும். தூக்கம் கெட்டால் மனச்சோர்வு கூடும்.

"தூங்கு" என்று அதட்டினால் தூக்கம் வராது. பகலில் படுத்தும் கண் மூடாமல் தவிக்கும் ஷிஃப்ட் தொழிலாளிக்கு இது நன்றாகவே தெரியும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* முதலில் எழும் நேரத்தை நிலையாக்குங்கள். இப்போது 9 மணி என்றால், சில நாள்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாக. ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ள வேண்டாம்.

* எழுந்ததும் மொட்டைமாடியிலோ வாசலிலோ கொஞ்ச நேரம் வெயில் படட்டும். உடல் கடிகாரத்தை முன்னுக்குக் கொண்டுவருவது காலை வெளிச்சம்தான்.

* மாலை 4 மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். பகல் தூக்கம் அரை மணி நேரம் போதும்.

* இரவில் அப்பா, அம்மா போன் உட்பட எல்லா போன்களும் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீடென்றால், டிவியும் அதே நேரத்தில் அணையட்டும்.

* 20 நிமிடமாகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்து உட்கார்ந்து, மங்கலான வெளிச்சத்தில் ஏதாவது படிக்கலாம். கண் சொக்கியதும் படுக்கலாம்.

டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது.

எப்போது டாக்டரிடம் போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் சோகம், எரிச்சல், பிடித்த விளையாட்டில்கூட நாட்டமின்மை, சாப்பாட்டில் மாற்றம் இருந்தால் தாமதிக்காதீர்கள். தூக்கம் சரியானால் சிகிச்சைக்கு உதவும். ஆனால், அதுவே சிகிச்சை ஆகிவிடாது. அரசு மருத்துவமனையில் மனநல ஆலோசனை பற்றிக் கேளுங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். "செத்துப் போயிடலாம்போல இருக்கு" என்று பிள்ளை சொன்னால், அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக விடாமல், அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நாளைக் காலை போர்வையை இழுப்பதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "ராத்திரி தூக்கம் வந்துச்சாப்பா?"